பால்பல்லுக் கன்றின் வெள்ளைச்சதை

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் சூசையப்பனோடு ஒரு தரமாவது வாய்ச்சண்டை போடாத ஆள் கிடையாது. தரகர்கள் அவரைக் கண்டால் ஒதுங்குவார்கள். ஆனால் ஆத்திர அவசரத்துக்கு அவரைத்தான் தேடுவார்கள். காரணம் அவருடைய கண். மாட்டின் கீழுதட்டை இழுத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், வயதைச் சொல்லிவிடுவார். அரத்தால் பல்லைத் தேய்த்துக் கிழட்டு மாட்டை இளசாகக் காட்டுகிற வித்தையெல்லாம் அவரிடம் செல்லாது. விற்கிறவனும் வாங்குகிறவனும் சட்டையைப் பிடித்துக்கொள்கிற நேரத்தில் அவரை அழைத்து வருவார்கள். அவர் பல்லைப் பார்ப்பார், வயதைச் சொல்வார், பொய் சொன்னவனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுவார், போய்விடுவார். அதற்கு மேல் அங்கே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சந்தைக்குக் கிழக்கே ஓட்டைத் தகரம் போட்ட அறுப்புக் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய இடம். அப்பா மிக்கேல் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மந்தை ஓட்டிக்கொண்டு வந்து, கால் ஓய்ந்து அங்கேயே தங்கிப்போனவர். மகனுக்கு அவர் கொடுத்தது ஒரு கத்தி, ஒரு சாணைக்கல், பிறகு இந்தக் கோபம். சூசையப்பன் பதினாலு வயதில் கொட்டகைக்குள் நுழைந்தார். இந்தக் கதை நடக்கிறபோது அவருக்கு நாற்பத்தேழு. அதற்குள் எத்தனை ஆயிரம் உருப்படிகளைப் பிரித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. எந்த எலும்பு எந்த வயதில் இறுகும், எந்தச் சதை எப்போது நரைக்கும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

வெகுநாள் கழித்துக் கல்யாணம், அதற்கும் வெகுநாள் கழித்து ஒரே ஒரு பிள்ளை. ரோசலி என்று பேர் வைத்தார்கள். மூன்று வயது முடிந்தும் அவள் ஒன்றரை வயதுப் பிள்ளை உயரம்தான் இருந்தாள். தலைமுடி செம்பட்டையாகி, பிடித்தால் கையோடு வந்தது. கால் இரண்டும் வீங்கியிருக்கும், வயிறு முன்னால் தள்ளியிருக்கும். ஒரு சிராய்ப்பு பட்டால் மாதக்கணக்கில் ஆறாது. ஊரில் யாருக்கு இருமல் வந்தாலும் மறுநாள் அவளுக்கு வரும். போன வருஷம் மணல்வாரி அம்மை போட்டுப் பிழைத்ததே பெரிது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பாட்டிலில் சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த காய்ச்சலை இந்தப் பிள்ளை தாங்காது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சூசையப்பன் அவரை அடிக்கப் போனார். அடித்திருந்தாலும் கம்பவுண்டர் சொன்னது மாறியிருக்காது.

பத்தடி தள்ளி நிற்கிற கன்றைப் பார்த்து இது பத்து நாள் தாங்காது என்று சொல்லக்கூடிய மனிதர், சொந்த மகளைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றார். மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினார். மந்திரித்துக் கயிறு கட்டினார். பிள்ளையைக் கண் வைத்துவிட்டதாக அக்கம்பக்கத்துப் பெண்களோடு சண்டை போட்டார். மனைவி சவேரியம்மாள் பிள்ளைக்கு மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தாள், கஞ்சிக்கு உப்புப் போட்டாள். வீட்டில் ஒரு எருமை இருந்தது. அதன் பால் விடிவதற்குள் டீக்கடைக்குப் போய்விடும். பால் என்றால் விற்கிற பொருள். அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று அந்தத் தெருவில் எவருக்கும் தோன்றியதில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் ஆடியில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து டாக்டர் துரைசுவாமி இறங்கினார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். கல்பாத்திக்காரர், அமெரிக்காவில் நாலு வருஷம் இருந்தவர், பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் பின்புறத்தில் ஆய்வுக்கூடம் நடத்தினார். ஐம்பது தாண்டியும் தலை கன்னங்கரேலென்று இருந்தது. காதோரம் சாயம் இறங்கியிருந்ததைச் சந்தையில் முதலில் கண்டுபிடித்தவர் சூசையப்பன். பல்லைத் தேய்த்த மாடு என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்.

டாக்டர் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டில் நின்றபடியே கூப்பிட்டார்.

"இங்க வா. கன்னுக்குட்டி அறுத்தா கழுத்துலேந்து நெஞ்சு வரைக்கும் வெள்ளையா ஒரு சுரப்பி இருக்குமே, அதைத் தூக்கிப் போட்டுடறயா?"

"நாய்க்குப் போடறனுங்க."

"இனிமே எனக்கு வேணும். இளங்கன்னோடதுதான் வேணும், கேட்டயா. கிழடோடது ஆகாது. ஐஸ் பெட்டி தரேன், சந்தை நாளைக்கு ஜீப் வரும்."

என்னத்துக்கு என்று கேட்டதற்கு, "உனக்கு மனசிலாகாது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். சூசையப்பன் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பார். எறியாமல் இருந்ததற்குக் காரணம் ஜீப் ஓட்டிய நல்லமுத்து. நல்லமுத்து உள்ளூர்க்காரன், வாய் நீளம். பெட்டியை இறக்கிக் கொடுக்கும்போது காதோடு சொன்னான்.

"அந்தச் சதைக்குத் தைமஸுன்னு பேருங்க. சீக்கு வந்தா ஒடம்பு சண்டை போடுது பாருங்க, அதுக்கு ஆள் பழக்கற எடம் அதுதானுங்களாம். வயசு ஆக ஆக அது சுருங்கிப் போயிருமாம். அதுனாலதான் கெழவனுக்குச் சளி புடிச்சா உடமாட்டேங்குது. இவரு கன்னோடதை அரைச்சு, சாறு எறக்கி, கெழட்டு எலிக்கு ஊசி போடறாரு. எலி எளசாகுதான்னு பாக்கறாரு."

"எலி எளசாகி ஆருக்கு என்ன ஆகோணும்?"

"எலி மட்டும் இல்லீங்க. அமெரிக்காவுல ஒரு பொட்டப்புள்ளைக்கு எந்நேரமும் சீக்காம். அந்தச் சாறை ஏத்துனாங்களாம், தேறிக்கிச்சாம். புஸ்தகத்துல வந்துருக்குதுன்னு காலேஜுல பேசிக்கிட்டாங்க."

சூசையப்பன் பெட்டியைக் கொட்டகையின் உள்ளே கொண்டுபோய் நிழலில் வைத்தார்.

அடுத்த சந்தை நாளில் வெள்ளைச்சதை நிரம்பிய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் வைத்தார். யாரிடமும் குனிந்து பேசிப் பழக்கமில்லாத மனிதர், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டரிடம், தனக்கு ஒரு பெண்பிள்ளை இருப்பதையும் அவள் படுகிற பாட்டையும் சொன்னார். அந்த ஊசி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். டாக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, "முதல்லே நல்ல சாமானாக் கொண்டா. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

இந்தப் பாக்கலாம் இருக்கிறதே, படித்தவர்கள் வாயில் வருகிற வார்த்தைகளிலேயே கேடுகெட்ட வார்த்தை இதுதான். முடியாது என்று சொல்லியிருந்தால் சூசையப்பன் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வேறு வழி தேடியிருப்பார். டாக்டருக்கு அந்த ஊசியை எந்த மனிதப் பிறவிக்கும் போடுகிற எண்ணமே இல்லை, போடவும் கூடாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். சதை ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுப் போனார். அந்த வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு ஒரு குடும்பம் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தது.

ஆறு மாதமும் சூசையப்பன் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்தார். அறுப்புக்கு வருகிற எருமைக் கடாக்கன்றுகளின் வாயைத் தானே திறந்து பார்ப்பார். பால்பல் விழாத கன்று என்றால்தான் கழுத்தில் கத்தி வைத்துச் சதையை எடுப்பார். முதல் இரண்டு மூன்று மாதம் நல்ல சதையாக வந்தது. பிறகு மழை ஏமாற்றியது. சோளத்தட்டு கிடைக்காமல் கறவைக்கே தீவனம் இல்லாதபோது கடாக்கன்றுக்கு யார் போடுவார்கள்? எருமை கடா ஈன்றால் அதற்கு மடியில் ஒரு வாய் காட்டிவிட்டு இழுத்துக் கட்டிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மீதிப் பாலைக் கறந்து விற்றுவிடுவார்கள். அந்த வருஷம் அந்த ஒரு வாயும் அரை வாயாகிவிட்டது. விலா எண்ணுகிற மாதிரி கன்றுகள் சந்தைக்கு வந்தன. கழுத்தைப் பிரித்தால் உள்ளங்கை நிறைய இருக்க வேண்டிய சதை கிழிந்த துணி மாதிரி தொங்கியது.

தை மாதம் ஒரு சந்தை நாளில் டாக்டர் தானே வந்தார். சந்தை நிரம்பி வழிந்தது. ஜீப்பின் பின்கதவைத் திறந்து, பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே இருந்ததை மண்ணில் கொட்டினார்.

"இது கன்னுக்குட்டியோடதா? யாரை ஏமாத்தப் பாக்கறே? சுருங்கிக் கிடக்கு பார். கிழட்டு எருமையோடதை அறுத்துக் கன்னோடதுன்னு தலையிலே கட்டறே. நாலு மாசமா என் எலியெல்லாம் வீணாப் போச்சு. மூணு வருஷ வேலை, உன்னோட திருட்டுத்தனத்தாலே."

தரகர்கள் கூடிவிட்டார்கள். வயதைப் பற்றிச் சூசையப்பன் பொய் சொன்னார் என்று ஒருவர் சொல்வதை அந்தச் சந்தை முதன்முறையாகக் கேட்டது. பாதிப் பேருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அவரிடம் திட்டு வாங்காத வாய் அங்கே எது?

"அத்தனையும் பால்பல்லுக் கன்னுங்க. தீனி இல்லாத கன்னு, அதுனால சதை வத்திப் போச்சு."

"வாயை மூடு. வயசானாத்தான் அது சுருங்கும். எனக்குச் சொல்லித் தரயா நீ? நாளையிலேந்து வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சூசையப்பனுக்குக் கை பரபரத்தது. வேறு யாராவது இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் பல் உதிர்ந்திருக்கும். ஆனால் இந்த மனிதர் போனால் ஊசியும் போகும். அது ஒன்றுதான் அவர் கையைப் பிடித்தது. ஜீப்பின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நாப்பத்தஞ்சு நாள் குடுங்க. ஒரே வாரத்துல பொறந்த ரெண்டு கடாக்கன்னு. ஒண்ணுக்கு வவுறு நெறையப் பாலு, இன்னொண்ணு ஊரு வழக்கப்படி. இந்தச் சந்தையே பாக்க, உங்க கண்ணு முன்னால அறுக்கறேன். ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னா நான் திருடன், என்ற கத்தியக் கீழ வெச்சர்றேன். நாஞ் சொன்னது நெசமா இருந்தா, அங்கயே என்ற புள்ளைக்கு ஊசி போடோணும்."

டாக்டர் சிரித்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வழியை விட்டால் போதும் என்று, "சரி, பாக்கலாம்" என்றார். இரண்டாவது தடவை.

சூசையப்பனின் எருமை அந்த வாரம்தான் ஈன்றிருந்தது, கடாக்கன்று. மேற்கே நஞ்சப்பன் என்ற பண்ணைக்காரர் வீட்டிலும் அதே வாரம் ஒரு கடா பிறந்திருந்தது. சூசையப்பன் அவரிடம் போய், கன்றை எப்போதும் போலவே வளர்க்கச் சொன்னார். நஞ்சப்பனுக்கு விஷயமே விளங்கவில்லை.

"ஏம்ப்பா, கடாக்கன்னை வளக்கறதுன்னு ஒண்ணு இருக்குதா? அது பாட்டுக்குக் கெடக்கும். செத்தா சாவுது, பொழைச்சா உன்ற கொட்டாய்க்கு ஓட்டியுடறேன்."

"அதுதானுங்க வேணும்" என்றார் சூசையப்பன்.

வீட்டில் சவேரியம்மாளிடம், இன்று முதல் எருமையைக் கறக்கக் கூடாது என்றார். நாலு காம்பும் கன்றுக்குத்தான்.

"டீக்கடைக்காரன் கேப்பானுங்களே?"

"இல்லைன்னு சொல்லு."

"அத்தனை பாலையும் ஒரு கடாக்கன்னுக்கு உடறதுங்களா? ஊரு சிரிக்காதுங்களா?"

"புள்ளைக்கு ஊசி வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? அன்று முதல் கன்றின் கயிற்றை அவிழ்த்து விடுவதும், கன்று குடித்து முடிகிறவரை காவல் நிற்பதும் அவள் வேலையாயிற்று.

அந்தக் கன்று வளர்ந்த அழகை அந்தத் தெரு பார்த்ததில்லை. முதுகு எண்ணெய் தடவினாற்போல் மின்னியது. முட்டி முட்டிக் குடித்துவிட்டு வாயோரம் நுரையோடு வாசல் வரை துள்ளி ஓடும். ரோசலி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓடுகிற தெம்பு அவளுக்குக் கிடையாது. ஒருநாள் கன்று அவள் அருகில் வந்து நின்றபோது, அதன் வாயோரத்து நுரையை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். சூசையப்பன் ஓடி வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். கன்று வாயில் வைத்த கையை வாயில் வைத்தால் புண் வரும் என்று அதட்டினார். அவர் பயந்துதான் அதட்டினார். பிள்ளை அழக்கூட இல்லை, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது.

மாசி பிறந்து சில நாளில் அவளுக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. ராத்திரியெல்லாம் இருமினாள். சவேரியம்மாள் நாட்களை விரல்விட்டு எண்ணினாள். இன்னும் பதினெட்டு, இன்னும் பதினேழு என்று கணவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் கன்றின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா வந்துருக்குது என்றார்.

நாள் வந்தது. கன்று தாயை விட்டு வர மறுத்து நாலு காலையும் ஊன்றியது. சூசையப்பன் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாரம் தாங்காமல் ரெண்டு இடத்தில் நின்று நின்று கொட்டகை வரை சுமந்தார். எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது தெருமுனை வரை கேட்டது. சவேரியம்மாளைப் பிள்ளையைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, பின்னாலேயே அழைத்து வரச் சொல்லியிருந்தார்.

சந்தையில் அன்றைக்கு வியாபாரம் நடக்கவில்லை. எல்லாரும் கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். நஞ்சப்பன் தன் கன்றைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். அது நிற்பதற்கே யோசித்தது. சூசையப்பன் இரண்டு கன்றுகளின் கீழுதட்டையும் இழுத்துக் காட்டி, எதிரியாக இருந்த தரகர்களையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டும் பால்பல், ஒரே வாரம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். டாக்டர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் வந்தார், கைக்குட்டையோடு. சூசையப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேலையை முடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இரண்டு சதைகளையும் கழுவி ஒரு வாழையிலையில் அடுத்தடுத்து வைத்தார். ஒன்று வெளுப்பும் ரோஜா நிறமுமாக, முடிச்சு முடிச்சாக, இரண்டு கை கொள்ளாமல் இருந்தது. மற்றது சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு நார். அதைக் கொழுப்பிலிருந்து பிரித்துக் காட்ட அவருக்கே ரெண்டு தரம் தேட வேண்டியிருந்தது.

யாரோ தரகர், சூசையப்பன் கண்ணு தப்புமா என்று சத்தமாகச் சொன்னார். அதை அவர் காதில் வாங்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வெட்கம் இல்லை, ஆசை இருந்தது. "பட்டினி போட்டாலும் சுருங்கும்னு எங்கேயோ வாசிச்சிருக்கேன். ஓர்மையில்லாமப் போச்சு. இது நல்ல விஷயம், எழுதலாம். ரெண்டையும் தனித்தனியா ஐஸ்லே வை" என்று நல்லமுத்துவிடம் சொன்னார். திருடன் என்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சூசையப்பன் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"ஊசிங்க."

"எந்த ஊசி?"

"நாஞ் சொன்னது நெசமாயிருச்சு. ஊசி போடறேன்னு ஒத்துக்கிட்டீங்க."

"பாக்கலாம்னேன். அது எலிக்குப் போடறது. மனுஷாளுக்குப் போட எனக்கு அதிகாரமும் இல்லே, தைரியமும் இல்லே. குழந்தை செத்துப்போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

சூசையப்பன் இடது கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார். பொத்தான் தெறித்தது. நாலைந்து பேர் பாய்ந்து விலக்கினார்கள். டாக்டருக்கு மூச்சு வாங்கியது, கோபத்தில் குரல் கீச்சென்றது. அந்தக் கோபத்தோடுதான் அவர் ரோசலியை முதல் தடவையாகப் பார்த்தார். முடியை இரண்டு விரலால் தொட்டார், கையோடு வந்தது. கால் வீக்கத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"என்ன கொடுக்கறேள் இதுக்கு?"

"கஞ்சிங்க" என்றாள் சவேரியம்மாள்.

"கஞ்சியோட?"

"உப்புங்க."

"பால்?"

சவேரியம்மாள் கணவனைப் பார்த்தாள். டாக்டர் வாழையிலையில் கிடந்த அந்த நாரைக் காட்டினார். "அறுத்துப் பாத்தா இவளோடதும் இப்படித்தான் இருக்கும். இதுக்கு என்னத்துக்கு என் ஊசி? நாப்பத்தஞ்சு நாளா அந்த மருந்தை நீ எருமைக்கன்னுக்கு ஊத்திண்டு இருந்திருக்கே."

சொன்னது அத்தனையும் உண்மை. அதைச் சொன்ன விதத்துக்காக அந்த மனிதரை மன்னிக்க முடியாது. ஏழு மாதம் முன்னால், ஜீப்பிலிருந்து இறங்கி, ஒரு தெரு நடந்து, பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்திருந்தால் இதையே அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பெட்டியை ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது.

சவேரியம்மாள் கணவனின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "நாந்தானுங்க காவல் நின்னேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "கன்னு குடிச்சு முடிக்கற வரைக்கும் நாந்தானுங்க காவல் நின்னேன். ஒரு சங்கு எடுத்து இவ வாயில ஊத்தலையேங்க." பிறகு வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. தரகர்கள் சூசையப்பனின் தோளில் தட்ட வந்தார்கள். அவர் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்கள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அவள் எருமையின் மடிக்குக் கீழே செம்போடு உட்கார்ந்திருந்தாள். மடி கல்லாக இறுகி நின்றது. காம்பை எத்தனை இழுத்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. எருமை காலை உதறியது, தெருப்பக்கமே பார்த்துக் கத்தியது. கன்று வந்து முட்டாமல் அது பால் விடாது. ஆயிரக்கணக்கான உருப்படிகளின் உள்ளே இருப்பதை அறிந்த மனிதருக்கு, உயிரோடு நிற்கிற எருமையின் இந்தச் சின்ன விஷயம் காலையில் நினைவுக்கு வரவில்லை. ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்துவார்கள், அது நக்கிக்கொண்டே சுரக்கும். ஆனால் தோல் காலையிலேயே வியாபாரியின் லாரியில் ஏறிவிட்டது. தூக்கிப் போட்டவர் அவரே.

"தோலு எங்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க எருமையின் தலைப்பக்கம் போனார். எருமை சட்டென்று கத்துவதை நிறுத்தியது. மூக்கை நீட்டி அவர் தோளை மோந்தது. கன்றைச் சுமந்து போன தோள் அது. சட்டையில் அதன் மயிர் ஒட்டியிருந்தது. எருமை ஒரு தரம் செருமிவிட்டு, நாக்கை நீட்டித் தோளையும் கழுத்தையும் நக்க ஆரம்பித்தது. அவர் பின்வாங்கினார்.

கீழேயிருந்து சவேரியம்மாளின் குரல் வந்தது. அவள் கையில் காம்பு இளகிவிட்டிருந்தது.

"நவுராதீங்க."

அவர் நின்றார். செம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது. எருமை கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. அந்தச் சொரசொரத்த நாக்கு கழுத்துத் தோலை எரித்தது. அவர் அழுதார், துடைத்துக்கொள்ளக் கையை உயர்த்தவில்லை. உயர்த்தினால் எருமை மிரளும்.

அவள் பாலைக் காய்ச்சி ஆற்றிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். ரோசலி முதல் மடக்கை விழுங்கிவிட்டு அப்பாவைப் பார்த்தாள், கையைத் தட்டிவிடுவாரோ என்று.

"நாளைக்கும் இந்தச் சட்டையவே போட்டுக்கிட்டு வாங்க" என்றாள் சவேரியம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "தொவைக்க வேண்டா."

அவர் வந்தார். காலையும் மாலையும், எருமை கறவை வற்றுகிறவரை, அதே சட்டையோடு வந்து கன்று நிற்கிற இடத்தில் நின்றார். அத்தனை நாளும் அந்த வீட்டில் அவரோடு யாரும் பேசவில்லை.